எதிர்த்தரப்பு வல்லுநரை டெபொசிஷனுக்கு வரவைப்பது எப்படி: அமெரிக்கப் பணியிட வழக்குகளுக்கான வழிமுறை

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் பாகுபாடு அல்லது பணிநீக்கம் தொடர்பாக ஒரு தொழிலாளி வழக்குத் தொடுத்தால், நிறுவனம் தன் தரப்பில் வல்லுநர்களை நிறுத்துவது வழக்கம். ஆறு மாதங்களில் வேறு வேலை கிடைத்திருக்கும், ஆகவே ஊதிய இழப்பு சிறிதுதான் என்று பொருளாதார வல்லுநர் கணக்குக் காட்டுவார். மன உளைச்சலுக்குக் காரணம் பணியிடம் அன்று என்று உளவியலாளர் எழுதுவார். நீதிமன்ற விசாரணைக்கு முன்பே இவர்களை எதிரில் உட்காரவைத்து, சத்தியப் பிரமாணத்தின் பேரில், சொல்லுக்குச் சொல் பதிவாகும்படி கேள்வி கேட்பதே டெபொசிஷன். அதன் வலிமைக்கு, வால்மார்ட் நிறுவனத்தின் மீது பெண் ஊழியர்கள் தொடுத்த பாகுபாட்டு வழக்கே சான்று. ஊழியர்கள் தரப்பு சமூகவியலாளர், நிறுவனத்தின் பணி முடிவுகளில் 0.5 சதவீதமா, 95 சதவீதமா பெண்களைப் பற்றிய முன்முடிவால் எடுக்கப்பட்டது என்பதைத் தம்மால் கணக்கிட இயலாது என்று டெபொசிஷனில் ஒப்புக்கொண்டார். 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதையே சுட்டிக்காட்டி அவருடைய சாட்சியத்தை ஒதுக்கியது.

முதலில், வரமறுக்கும் வல்லுநர் எவ்வகையைச் சேர்ந்தவர் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் உங்கள் உரிமை முழுவதும் அதைப் பொறுத்தது. நீதிமன்ற விசாரணையில் கருத்துச் சொல்வதற்கென்று அமர்த்தப்பட்டவரை டெபொசிஷனில் விசாரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் விதி 26 உங்களுக்கு நேரடியாக உரிமை தருகிறது; ஆனால் அவர் எழுத்து அறிக்கை தர வேண்டியவராக இருந்தால், அறிக்கை வந்த பிறகே விசாரிக்கலாம். சிகிச்சை அளித்த மருத்துவர் பொதுவாக அறிக்கை எழுத வேண்டியதில்லை. அவர் சொல்லப்போவதன் சுருக்கத்தை வழக்கறிஞர் கொடுத்தால் போதும். ஆலோசனைக்கு மட்டும் அமர்த்தி, சாட்சியாக நிறுத்தப்படாதவரை மிக அசாதாரணமான சூழ்நிலையில் மட்டுமே விசாரிக்க முடியும் என்பதால், அவருக்காக மனுப்போட்டுக் காலத்தைச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

அறிக்கை கைக்கு வந்ததும் அதில் இருக்க வேண்டியவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: கருத்துகளும் அவற்றின் காரணங்களும், பரிசீலித்த தரவுகள், கடந்த 10 ஆண்டுகளின் வெளியீடுகள், கடந்த 4 ஆண்டுகளில் சாட்சியளித்த வழக்குகள், பெறும் ஊதியம். குறை இருந்தால் உடனே எழுத்தில் கேளுங்கள். நீதிபதியின் கால அட்டவணையில் வல்லுநர் டெபொசிஷனுக்குக் குறித்த கடைசி நாள் கடந்துவிட்டால், எவ்வளவு நியாயமான மனுவும் தோற்கக்கூடும்.

அடுத்தது அறிவிப்பு. உங்களுக்கு இயலும் மூன்று தேதிகளைக் குறிப்பிட்டு எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்; பதில் வராவிட்டால் ஒரு தேதியை நீங்களே குறித்து முறையான அறிவிப்பை அவருக்குச் சேர்ப்பியுங்கள். வல்லுநர் வழக்கின் தரப்பினர் அல்லர் என்பதால், அறிவிப்போடு விதி 45-இன் கீழ் சப்பீனாவும் (சாட்சியை வரச்சொல்லும் அழைப்பாணை) எடுத்துவிடுவது நல்லது; அவரை நீதிமன்றத்தின் ஆணைக்குள் கொண்டுவருவது அந்தத் தாள்தான். வழக்கறிஞர் இல்லாமல் தாமே வழக்கு நடத்துவோர் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்: சப்பீனாவை நீதிமன்ற எழுத்தரிடம் கையெழுத்துப் பெற்றே வெளியிட முடியும், அதை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது, 18 வயது நிறைந்த, வழக்கில் தரப்பினராக இல்லாத ஒருவர் கொடுக்க வேண்டும். ஒரு நாள் சாட்சிப்படியையும் பயணப்படியையும் அப்போதே சேர்த்துக் கொடுக்க வேண்டும். டெபொசிஷன் நடக்குமிடம், அவர் வசிக்கும், பணிபுரியும் அல்லது வழக்கமாக நேரில் தொழில் நடத்தும் இடத்திலிருந்து 100 மைல்களுக்குள் இருக்க வேண்டும்.

தகராறு பெரும்பாலும் பணத்தில் தொடங்குகிறது. உங்கள் கேள்விகளுக்காக வல்லுநர் செலவிடும் நேரத்துக்கு நியாயமான கட்டணத்தை நீங்கள் தர வேண்டும் என்பது விதி. எது நியாயம் என்பதை முடிவு செய்வது வல்லுநர் அன்று, நீதிமன்றம். முழுநாள் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்டு மிரட்டினால், நியாயமான மணிக்கட்டணத்தைத் தரத் தயார், மிகுதியை நீதிபதி தீர்மானிக்கட்டும் என்று எழுத்தில் பதில் கொடுங்கள். பின்னால் மனுவோடு இணைக்க அந்தக் கடிதம்போல் உதவுவது வேறில்லை.

அப்போதும் வராவிட்டால் விதி 37-இன் கீழ்க் கட்டாயப்படுத்தும் மனு. நீதிமன்றத்தை நாடாமல் தீர்க்க நல்லெண்ணத்துடன் பேசிப்பார்த்தேன் என்ற சான்றுரை இல்லாத மனு நிற்காது. ஆகவே தொலைபேசியில் பேசிய நாள், நேரம், அவர்கள் சொன்ன காரணம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். பேச்சுவார்த்தை எப்படி நடக்க வேண்டும் என்பதை உள்ளூர் விதிகளிலும் நீதிபதியின் தனிக் கட்டளைகளிலும் பார்க்க வேண்டும். வல்லுநர் வேறு மாவட்டத்தில் இருந்தால், சப்பீனாவை நிறைவேற்றும் மாவட்ட நீதிமன்றத்திலேயே மனுவைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். அவர் சம்மதித்தால், அல்லது அசாதாரணச் சூழ்நிலை இருந்தால், அந்நீதிமன்றம் அதை மூல வழக்கின் நீதிபதிக்கு மாற்றலாம். மனு வென்றால் செலவுத்தொகை உங்களுக்கு வரலாம். தோற்றால் நீங்கள் கட்ட நேரலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

வந்து உட்கார்ந்த பிறகு பதில் மறுப்பதும் உண்டு. ஒரு நாள், 7 மணி நேரம் என்ற வரம்புக்குள் நடக்கும் டெபொசிஷனில், பதில் சொல்லாதே என்று வழக்கறிஞர் தடுக்க மூன்று காரணங்களே உண்டு: சட்டப்படியான இரகசியத்தைக் காப்பது, நீதிமன்றம் விதித்த வரம்பை நிலைநாட்டுவது, துன்புறுத்தும் விசாரணையை நிறுத்தக் கோரி மனுச் செய்வது. வல்லுநரின் வரைவு அறிக்கைகளும் வழக்கறிஞருடன் அவர் நடத்திய பெரும்பாலான உரையாடல்களும் காக்கப்பட்டவைதான். ஆனால் ஊதியம், வழக்கறிஞர் கொடுத்து வல்லுநர் பரிசீலித்த தரவு, வழக்கறிஞர் கொடுத்து வல்லுநர் நம்பிய அனுமானம் ஆகியவை அந்தக் காப்புக்கு வெளியே நிற்கின்றன. ‘ஆறு மாதங்களில் வேலை கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளும்படி உங்களிடம் சொன்னது யார்?’ என்ற கேள்வி இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. அதற்குத் தடை சொன்னால் காரணத்தைப் பதிவில் சொல்லவையுங்கள், மற்றக் கேள்விகளை முடித்துவிடுங்கள், பிறகு அந்தக் கேள்வியும் தடையும் உள்ள பக்கங்களை மட்டும் இணைத்து, அதே வல்லுநரை மீண்டும் வரவழைத்துப் பதில் பெறும் ஆணையைக் கேளுங்கள்.