எரிவாயுக் கிணற்றுக்குள் கேமரா இறக்கி கேசிங் துளைகளைப் பார்ப்பது எப்படி

கோலாலம்பூர் ஆபீசில் இருந்துகொண்டு திரெங்கானு கடல் கிணறுகளுக்கு வேலைத்திட்டம் எழுதுகிறவர்களே, எந்த கேமரா உசத்தி என்பதை அப்புறம் பேசலாம். (கேசிங் என்பது கிணற்றின் சுவராக நிற்கும் எஃகுக் குழாய்; வாயு உள்ளே வர அதில் போட்ட ஓட்டைகள்தான் துளைகள்.) முதலில் கிணற்றுக்குள் என்ன நிற்கிறது என்று கேளுங்கள். வாயு நிறைந்த பகுதியில் படம் பளிச்சென்று விழும், ஆனால் அடியில் தண்ணீர் கலங்கி நின்றால் எவ்வளவு வெளிச்சம் போட்டாலும் திரையில் வெறும் பால்தான். வடிகட்டிய உப்புநீரை இறக்கிக் கலங்கலைத் துளைகளுக்குள் தள்ளிவிடலாம், சரி, ஆனால் அழுத்தம் குறைந்த கிணற்றில் அதுவே வாயு வரத்தை அடக்கிவிடும் என்பதால் ரிசர்வாயர் ஆளை, அதாவது நிலத்தடி வாயு அடுக்கைக் கவனிக்கும் பொறியாளரை, கேட்காமல் கை வைக்காதீர்கள்.

லென்ஸில் எண்ணெய் ஒட்டாமலிருக்க மேலே இருக்கும்போதே எண்ணெய் விலக்கும் மருந்து பூசிவிடுங்கள். கருவி குழாயின் நடுவில் நிற்க சென்ட்ரலைசர் வேண்டும், ஆழம் சரிபார்க்கக் குழாய் மூட்டுகளைக் கண்டுபிடிக்கும் காலர் லொகேட்டரும் கூடவே போகட்டும்.

துளையை அளக்கப் பக்கவாட்டு கேமராதான் சரி. இறக்குவதற்கு முன் அதே அளவு கேசிங் துண்டில், விட்டம் தெரிந்த ஓட்டை போட்டுப் படம் பிடித்து அளவுகோலை ஒத்துப் பாருங்கள். இதை ஏனோ பலரும் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள்.

பிராக்சரிங் செய்த கிணறு, அதாவது மணல் கலந்த திரவத்தை அழுத்தத்தோடு துளைகள் வழியே செலுத்திப் பாறையைப் பிளந்த கிணறு என்றால், துளையின் விளிம்பைக் கவனியுங்கள். மணல் அதிகம் போன துளையில், ஓட்டை போட்டபோது விளிம்பில் துருத்தி நின்ற பிசிறு மழுங்கி, ஓட்டை ஒரு பக்கமாக நீண்டிருக்கும். பிசிறு அப்படியே நின்றால் அதன் வழியே மணல் பெரிதாகப் போகவில்லை. வீடியோவைப் பசியாறிவிட்டு நிதானமாக, பிரேம் பிரேமாகப் பாருங்கள்.