வேலூர்ப் பக்கத்து ஏரி, கிணறுகளில் நீச்சல்: பருவம் பார்க்காமல் செய்யும் தவறுகள்

வடாற்காட்டு ஏரிகளுக்கு ஆண்டில் இரண்டு மழை. ஆவணி, புரட்டாசி மாலைகளில் இடியோடு கொட்டும் மழை ஒன்று, ஐப்பசி, கார்த்திகையில் ஏரியை நிரப்பும் வடகிழக்குப் பருவமழை இன்னொன்று. தை பிறந்ததும் தண்ணீர் இறங்கத் தொடங்கும். சித்திரை, வைகாசிக்குள் பல ஏரிகள் குட்டையாகச் சுருங்கிவிடும். ஒரே ஏரியில் நீரின் சூடு, ஆழம், தெளிவு மூன்றும் இப்படி மாறிக்கொண்டே இருக்கும். போன கோடையில் நீந்திய நினைப்போடு தை மாதம் இறங்குவதில்தான் பெரும்பாலான ஆபத்து தொடங்குகிறது.

கரையோரத்தில் காலை நனைத்துப் பார்த்து "தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு செய்வது எல்லோரும் செய்யும் தவறு. கணுக்கால் ஆழத் தண்ணீர் வெயிலில் சீக்கிரம் சுடும், இரவில் சீக்கிரம் ஆறும். உள்ளே இருக்கும் நீரின் நிலையை அது சொல்லாது. சூடான நீர் லேசானது என்பதால் மேலேயே மிதக்கும். காற்று வீசிக் கலக்காத நாளில் மேலே வெதுவெதுப்பும் கீழே குளிர்ச்சியுமாக இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். சுற்றுச்சுவர் காற்றைத் தடுப்பதால் கிணற்றில் இந்த அடுக்கு இன்னும் தெளிவாகத் தெரியும்.

அளப்பது சுலபம். ஒரு பாட்டிலின் கழுத்தில் கயிறும் அடியில் கல்லும் கட்டுங்கள். வாயைத் தக்கையால் அடைத்து, தக்கைக்குத் தனிக் கயிறு போடுங்கள். வேண்டிய ஆழத்துக்கு இறக்கித் தக்கையைச் சுண்டி இழுத்தால் அந்த ஆழத்து நீர் உள்ளே நிரம்பும். குமிழி நின்றதும் மேலே தூக்கி, நிழலில் வைத்து, உடனே தெர்மாமீட்டரை நுழையுங்கள். மேல்மட்டத்தில் ஒன்று, நெஞ்சளவு ஆழத்தில் ஒன்று என இரண்டு அளவு போதும்.

வந்த எண்ணை எப்படிப் படிப்பது? போட்டி நீச்சல் குளத்துக்கு 25 முதல் 28 டிகிரி. திறந்த நீர்நிலைப் போட்டிகளுக்கான சர்வதேச விதியில் கீழ் வரம்பு 16, மேல் வரம்பு 31. வேலூர்ச் சமவெளியில் கீழ் வரம்பைப் பற்றிக் கவலையே இல்லை, மேல் வரம்புதான் பிரச்சினை. அக்னி நட்சத்திர நாட்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, ஆழமில்லாத ஏரியின் மேல்நீர் பிற்பகலில் 32-ஐத் தாண்டுவது சாதாரணம். அந்த நீரில் வேகமாக நீந்தினால் உடம்பின் சூடு சரியாக வெளியேறாது. தண்ணீருக்குள் வியர்ப்பது தெரியாது, தாகமும் எடுக்காது, தலைசுற்றல் திடீரென வரும். கோடையில் காலை 6 முதல் 8 மணிவரை நீந்துங்கள். இறங்குமுன் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள்.

மார்கழி, தையில் கணக்கு தலைகீழ். அதிகாலையில் ஏரி நீர் 22, 24 டிகிரி அளவுக்கு இறங்கும். கேட்க அது ஒன்றும் குளிராகத் தெரியாது. ஆனால் நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடற்சூட்டை இழுக்கும். ஒல்லியான பிள்ளைகளுக்கு இருபது நிமிடத்தில் உதடு நீலம் பாயும், பல் கிட்டும், கைவீச்சு தளரும். அந்த மாதங்களில் காலை 11 மணிக்குமேல் இறங்கினால் போதும். ஏலகிரி ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் இன்னும் சில டிகிரி குறைவாக இருக்கும். புங்கனூர் ஏரி படகுச் சவாரிக்கானது, குதிப்பதற்கு அல்ல.

சூடு, குளிரைவிட இங்கே அதிகம் கவலைப்பட வேண்டியது தரையைப் பற்றி. கோடையில் வண்டல் எடுக்க ஜேசிபி இறங்கிய ஏரியில் சுவர்போல் செங்குத்தான பள்ளங்கள் நிற்கும். மழைக்குப் பின் அவற்றின்மேல் கலங்கல் தண்ணீர் சமமாகப் பரவிவிடும். முழங்கால் ஆழத்தில் நடக்கும் பிள்ளை அடுத்த அடியில் தலைக்குமேல் போகும். பள்ளத்தின் ஓரம் வழுக்கும் களிமண், பிடித்து ஏற முடியாது. இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. வைகாசியில் ஏரி காய்ந்திருக்கும்போதே சுற்றி நடந்து பள்ளங்களைப் பாருங்கள். கரையில் எந்தப் பனைமரத்துக்கு நேரே, எத்தனை அடி தூரத்தில் என்று செல்போனில் படம் எடுத்து வையுங்கள். வெட்டிவிட்ட சீமைக்கருவேல அடிக்கட்டைகளும் அப்போதுதான் கண்ணில் படும். நீர் நிரம்பியபின் பத்தடி மூங்கிலால் முன்னே குத்திப் பார்த்துக்கொண்டே, காலைத் தேய்த்து நடந்து இறங்குங்கள். தலைகீழாகக் குதிக்கவே வேண்டாம். தவறி விழுந்தால் முன்னோக்கி அடிக்காதீர்கள். மேடு உங்களுக்குப் பின்னால் ஓரடியில் இருக்கிறது, மல்லாந்து மிதந்து, நடந்து வந்த பக்கமே திரும்புங்கள்.

ஏரி நிரம்பி, உபரிநீர் வழியும் சுவரான கோடி வழியே போகும்போது மீன் பிடிக்கக் கூட்டம் கூடும். முழங்காலளவு நீர்கூட வேகமாக ஓடினால் ஆளைச் சாய்த்துவிடும். கோடியிலிருந்து விழும் நீர் அடியில் சுழன்று விழுந்தவரை மீண்டும் சுவருக்கே இழுக்கும். மதகில் அந்த ஓட்டம் வெளியே தெரியாது, மேல்நீர் அசையாமல் கிடக்கும். பாசனத்துக்கு மதகு திறந்திருக்கிறதா என்று, மதகைத் திறந்து மூடும் ஆளான நீர்க்கட்டியிடம் கேட்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஆவணி, புரட்டாசியில் முதல் இடி கேட்டதும் நீரைவிட்டு வெளியேறுங்கள், கரையில் தனியாக நிற்கும் பனையடியில் ஒதுங்காதீர்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே மறுபடி இறங்கலாம்.

கோடைக் குட்டையில் பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் படலம் இருந்தாலோ, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறினாலோ இறங்க வேண்டாம். வெதுவெதுப்பான தேங்கிய நீரில் வளரும் அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போகும். கேரளத்தில் 2024, 2025-ல் வந்த மூளைக் காய்ச்சல் இதுதான். அதைக் குடிப்பதால் வராது, மூக்கில் ஏறினால்தான் வரும். ஆகவே முங்காதீர்கள், அடிச்சேற்றைக் கிளறாதீர்கள். மழைக்குப் பின் காலில் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் தொற்றலாம். தெளிவான நீர் எல்லாம் சுத்தமான நீர் என்பதும் தவறு. தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்த பாலாற்றுப் பகுதி இது. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் கழிவு கலக்கும் நீர்நிலைகளை விட்டுவிடுங்கள்.

பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கும்போது, மிதப்பதற்காகக் காலி கேனை இடுப்பில் கட்டுகிறார்கள். இடுப்பு மேலே எழும்பித் தலை நீருக்குள் போகும். அக்குளுக்குக் கீழே, முதுகோடு கட்டுங்கள். லாரி டியூப்பில் சிறுபிள்ளை ஓட்டை வழியே நழுவிவிடும்.

ஒருவர் தத்தளிக்கும்போது பாய்ந்து இறங்குவதால்தான் இரண்டு, மூன்று பேர் சேர்ந்து போகிறார்கள். கயிறு, வேட்டி, புடவை, மூங்கில், மூடிய காலி கேன், எது கிடைத்தாலும் வீசுங்கள் அல்லது நீட்டுங்கள். வெளியே எடுத்ததும் தலைகீழாகச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் கூடாது. வாந்தி மூச்சுக்குழாயில் போகும், நேரமும் வீணாகும். மூச்சில்லை என்றால் மல்லாத்தி, தாடையை நிமிர்த்தி, மூக்கைப் பொத்தி, முதலில் 5 முறை வாயோடு வாய் ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அமுக்கு, 2 ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் தொடருங்கள். அதற்குள் இன்னொருவர் 108-க்கு அழைத்து, ஏரியின் பெயரோடு எந்தக் கரை, எந்த ஊர் வழி என்பதையும் சொல்லட்டும். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், நுரையீரலில் போன நீரின் தொல்லை சில மணி நேரம் கழித்தும் வரும்.