காய்ச்சல் அடிக்கும், சளி பிடிக்கும்: ஆங்கிலத்தில் எந்த வினை?

தமிழில் காய்ச்சல் அடிக்கும், சளி பிடிக்கும், பசி எடுக்கும், தூக்கம் வரும். பசி அடிக்காது, தூக்கம் அடிக்காது. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை, அப்படித்தான் பேசுகிறோம். ஆங்கிலத்திலும் ஒவ்வொரு நிலைக்கும் பழகிப்போன ஒரு வினை உண்டு. அதை விட்டுவிட்டுத் தமிழ் வினையை அப்படியே மாற்றி ஒட்டும்போதுதான் ‘ஸ்லீப் இஸ் கமிங்’, ‘மை ஹெட் இஸ் ரொட்டேட்டிங்’ என்று வாயில் வந்துவிடுகிறது.

படி 1: ‘எனக்கு’ என்பதை ‘ஐ’ ஆக்குங்கள்

பசி, தூக்கம், தலைசுற்றல் எல்லாம் தமிழில் நமக்கு வருகின்றன. ஆங்கிலத்தில் ஆளே எழுவாய். எனவே ‘ஐ ஆம் ஹங்ரி’, ‘ஐ ஆம் ஸ்லீப்பி’, ‘ஐ ஃபீல் டிஸி’. வாக்கியத்தை ‘ஐ’ என்று தொடங்கிவிட்டாலே பாதித் தவறு வராது.

படி 2: இருக்கிறதா, ஆனதா?

நிலை அப்படியே இருந்தால் ‘ஆம், இஸ், ஆர்’. அந்த நிலைக்கு மாறியதைச் சொன்னால் ‘கெட்’. ‘வீ ஆர் மேரீட்’ என்றால் நாங்கள் தம்பதி. திருமணம் நடந்த ஆண்டைச் சொல்ல ‘வீ காட் மேரீட் இன் 2019’. நனைந்தேன் என்பது ‘ஐ காட் வெட்’, வழி தவறிவிட்டோம் என்பது ‘வீ காட் லாஸ்ட்’. டயர்ட், ஆங்ரி, போர்டு, ரெடி ஆகியவையும் இப்படியே. எந்த வினை என்று தெரியாத இடத்தில் முதலில் ‘கெட்’ போட்டுப் பாருங்கள். பேச்சில் பெரும்பாலும் பொருந்திவிடும்.

படி 3: நம்முடைய ‘போ’வைப் பிடித்துக்கொள்ளுங்கள்

தமிழர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. நன்றாக இருந்தது கெட்டால் நாம் ‘போ’ சேர்க்கிறோம். ஆங்கிலமும் பல இடங்களில் ‘கோ’ சேர்க்கிறது. பால் கெட்டுப்போச்சு: ‘தி மில்க் ஹேஸ் கான் பேட்’. கால் மரத்துப்போச்சு: ‘மை ஃபுட் ஹேஸ் கான் நம்’. பை காணாமல் போச்சு: ‘மை பேக் வென்ட் மிஸ்ஸிங்’. பிஸ்கட் நமத்துப்போனால் ‘கோ சாஃப்ட்’, கம்பெனி திவாலானால் ‘கோ பேங்க்ரப்ட்’. கரண்ட் போச்சு என்பதற்கு ‘தி பவர் வென்ட் அவுட்’. அந்த ‘அவுட்’டை விட்டுவிடக் கூடாது.

ஆனால் எல்லா ‘போ’வும் ‘கோ’ அல்ல. களைத்துப்போனேன் என்றால் ‘ஐ காட் டயர்ட்’, பயந்துபோனேன் என்றால் ‘ஐ காட் ஸ்கேர்ட்’. இந்த இடங்களில் ‘கோ’ வரவே வராது. படித்துக்கொண்டே தூங்கிப்போனால் ‘ஐ ஃபெல் அஸ்லீப்’. நாமாகப் படுக்கப் போனால் ‘ஐ வென்ட் டு பெட்’. நம்மை மீறி நடப்பது சிலவற்றுக்கு ‘ஃபால்’ பொருந்தும்: ‘ஃபால் இல்’, ‘ஃபால் இன் லவ்’.

நிறமும் வயதும் மாறினால் ‘டர்ன்’: இலை மஞ்சளானால் ‘டர்ன் யெல்லோ’, நாற்பது வயதானால் ‘டர்ன் ஃபார்ட்டி’.

படி 4: நோய்களுக்கு ‘ஹேவ்’

‘ஐ ஹேவ் எ ஃபீவர்’, ‘ஐ ஹேவ் எ ஹெடேக்’. இங்கே இரண்டு தவறுகள் ஓயாமல் நடக்கின்றன. ஒன்று, ‘எ’ விடுபடுவது. காய்ச்சல், தலைவலி, சளி, இருமல் நான்குக்கும் ‘எ’ வேண்டும். மலேரியா, டயாபடீஸ் போன்ற நோய்ப் பெயர்களுக்கு வேண்டாம். மற்றொன்று, ‘ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்’. நம் ஊரில் புரியும், ஆனால் வெளிநாட்டு மருத்துவரிடமோ தேர்விலோ ‘ஐ ஹேவ்’ என்பதே சரி.

சளி மட்டும் இரு மொழியிலும் ‘பிடி’. திசைதான் வேறு: தமிழில் சளி நம்மைப் பிடிக்கும், ஆங்கிலத்தில் நாம் சளியைப் பிடிப்போம். மழையில் ஆடும் பிள்ளையிடம் ‘யூ வில் கேட்ச் எ கோல்டு’ என்பார்கள். ஆனால் ‘கேட்ச் எ ஃபீவர்’ இயல்பாக ஒலிக்காது. காய்ச்சலுக்கு ‘ஹேவ்’, ‘கெட்’, ‘ரன்’ மூன்றும் வரும்.

படி 5: நாளுக்கு ஐந்து, வாக்கியமாக

நோட்டில் இடப்பக்கம் தமிழ் வாக்கியம், வலப்பக்கம் ஆங்கில வாக்கியம். ‘கோ’ என்றால் ‘போ’ என்று தனிச் சொல்லாக எழுதினால் பயனில்லை. ஆங்கிலத்தை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். தமிழ் எழுத்தில் எழுதினால் ‘கெட்’டின் இறந்தகாலமும் ‘கேட்ச்’சின் இறந்தகாலமும் ஒன்றுபோலவே தெரியும். மறுநாள் வலப்பக்கத்தை மூடிக்கொண்டு தமிழைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள். தடுமாறியதை மட்டும் அடுத்த நாளின் ஐந்தில் சேர்த்துவிடுங்கள்.

அகராதியில் வினையைத் தேடாதீர்கள். ‘ஹேவ்’வின் கீழே பக்கம் பக்கமாக இருக்கும். ‘ஃபீவர்’ என்ற பெயர்ச்சொல்லைத் திறந்தால், அதனுடன் சேரும் வினைகள் எடுத்துக்காட்டு வாக்கியங்களிலேயே கிடைத்துவிடும்.