அளவுமீறி உண்ணும் கோளாறுக்கு லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் எடுத்துக்கொள்ளும் முறை

வயிறு நிரம்பிய பிறகும் நிறுத்த முடியாமல் தனிமையில் உண்டுவிட்டுக் குற்றவுணர்வில் குமைவது மனவலிமைக் குறைவு அன்று. அது சிகிச்சைக்குரிய நோய். இந்நோய் நடுத்தரமாகவோ கடுமையாகவோ உள்ள பெரியவர்களுக்கு லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் என்னும் நரம்புத் தூண்டல் மருந்தைத் தர அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. உடல் எடையைக் குறைப்பதற்கு இது உரியதன்று என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

தொடங்குமுன் இதய நோய், இரத்த அழுத்தம், முன்பிருந்த போதைப் பழக்கம், குடும்பத்தில் நேர்ந்த திடீர் இதய மரணம், தற்போது உட்கொள்ளும் மனச்சோர்வு மருந்துகள் ஆகிய அனைத்தையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். இது அடிமைப்படுத்தக்கூடிய மருந்து.

வழக்கமாகக் காலையில் 30 மில்லிகிராமில் தொடங்கி, வாரந்தோறும் 20 மில்லிகிராம் கூட்டி, 50 முதல் 70 மில்லிகிராம் வரை மருத்துவர் கொண்டு செல்வார். 70-ஐத் தாண்டக் கூடாது. பிற்பகலில் எடுத்தால் இரவுத் தூக்கம் கெடும். மாத்திரைக் கூட்டை (கேப்ஸ்யூலை) விழுங்க இயலாதவர்கள் அதைத் திறந்து, தூள் முழுவதையும் தண்ணீரிலோ தயிரிலோ கட்டியின்றிக் கலக்கி உடனே உட்கொள்ளலாம். குவளையின் உட்புறத்தில் மெல்லிய படலம் ஒட்டியிருந்தால் அஞ்ச வேண்டாம், அது மருந்தன்று. ஒரு கூட்டின் தூளை இரு நாட்களுக்குப் பங்கிடக் கூடாது.

கட்டுப்பாடிழந்து உண்ட நாட்களை நாட்காட்டியில் குறித்துவந்து, அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த நாட்கள் குறையவில்லையெனில் அவர் மருந்தை நிறுத்துவார். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.