முலாம்பழம் பழுத்துவிட்டதா என்பதை முகர்ந்தே அறிவது எப்படி

கோலாலம்பூரில் சௌகிட் சந்தையிலோ, வீட்டருகே கூடும் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலோ ராக்மெலன் எனப்படும் வலைத்தோல் முலாம்பழம் வாங்கும்போது, நம்மில் பலர் பழத்தைத் தட்டிப் பார்க்கிறோம். தர்பூசணிக்கு அது ஓரளவு உதவலாம். இந்த முலாம்பழத்துக்கு மூக்கைத்தான் நம்ப வேண்டும்.

பழத்தைத் திருப்பி, காம்புக்கு எதிர்முனையில், பூ உதிர்ந்த வட்டத் தழும்பை ஒட்டி முகர வேண்டும். குளிரூட்டிய கடையில் சில்லென்று இருக்கும் பழத்தில் மணப்பொருள்கள் எளிதில் ஆவியாவதில்லை என்பதால், அங்கு முகர்ந்து முடிவெடுப்பது வீண்.

வாசனை வெள்ளரிக்காயை நினைவூட்டினால் பழம் இன்னும் முதிரவில்லை. முலாம்பழமும் வெள்ளரியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. கொழுப்பு அமிலங்களை நொதிகள் உடைக்கும்போது உருவாகும், ஒன்பது கார்பன் அணுக்கள் கொண்ட ஆல்டிஹைடுகள் என்ற மணப்பொருள்களே இரண்டிலும் அந்தப் பச்சை வாசனையைத் தருகின்றன. பழுக்கத் தொடங்கியதும் எத்திலீன் வாயு சுரந்து மணத்தின் போக்கையே மாற்றுகிறது: ஆல்டிஹைடுகள் ஆல்கஹால்களாகின்றன, அந்த ஆல்கஹால்களை வேறொரு நொதி அமிலக் கூறுகளோடு இணைத்து, பழ மணம் தரும் எஸ்டர்கள் என்ற சேர்மங்களாக்குகிறது. ஐசோலியூசின் போன்ற அமினோ அமிலங்களும் இந்த எஸ்டர்களுக்கு மூலப்பொருளாகின்றன. எத்தில் பியூட்டனோயேட் அன்னாசியையும், ஹெக்சில் அசிடேட் பேரிக்காயையும் நினைவூட்டும். கந்தகம் கலந்த சில எஸ்டர்கள் மிகச் சிறிய அளவிலேயே இருந்தாலும், முலாம்பழத்துக்கே உரிய அந்தக் கனத்த மணத்தில் அவற்றுக்கும் பங்குண்டு. இந்தக் கட்டத்தில்தான் பழத்தை அறுக்க வேண்டும். அதைத் தாண்டி, சாராய நெடியோ நகப்பூச்சு நெடியோ வீசினால், உள்ளே நொதித்தல் தொடங்கி எத்தனாலும் எத்தில் அசிடேட்டும் பெருகிவிட்டன என்று பொருள். கடைக்காரர் விலையைக் குறைத்துத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

மணமும் இனிப்பும் ஒன்றல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாழைக்காயில் இருப்பதுபோல் முலாம்பழத்தில் மாவுச்சத்துச் சேமிப்பு இல்லாததால், கொடியிலிருந்து பறித்தபின் சர்க்கரை கூடுவதில்லை. முன்கூட்டியே பறித்த பழம் வீட்டில் இரண்டு நாளில் மணக்கத் தொடங்கலாம், ஆனால் நாக்கில் சப்பென்றே இருக்கும். நன்கு பழுத்த வலைத்தோல் முலாம்பழம் கொடியிலிருந்து தானே கழன்றுவிடும் என்பதால், காம்பு விட்டுப்போன இடத்தில் வழவழப்பான குழி இருப்பது நல்ல அடையாளம். இங்கே பசுமைக்குடிலில் விளையும் பழங்களை ‘டி’ வடிவக் காம்போடு வெட்டி விற்பதால், அந்தச் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது.

மணம் வராத பழத்தை வெளியிலேயே வைத்திருங்கள். குளிர் எஸ்டர் உற்பத்தியை மட்டுப்படுத்தும். மணம் வந்தபின் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, உண்பதற்கு முன், தோலைத் தேய்த்துக் கழுவி அறுக்கவும். அறுத்த துண்டுகளில் எஸ்டர்கள் குறைந்துகொண்டே போவதால், மிஞ்சியதை மூடிக் குளிரில் வைத்து விரைவில் தீர்த்துவிடுங்கள்.

வலையற்ற வழவழப்பான தோல் கொண்ட ஹனிடியூ என்ற முலாம்பழ வகைக்கு இந்த முறை அவ்வளவாக உதவாது. அது சுரக்கும் எத்திலீன் குறைவு, வெளியே வீசும் மணமும் மெல்லியது. பச்சை நிறம் மங்கி வெண்மஞ்சளாகி, தோல் மெழுகு பூசியதுபோல் லேசாக ஒட்டினால் எடுத்துக்கொள்ளலாம்.