மரத்தூளில் எரிகட்டி: கஞ்சிப் பசை வைத்து வீட்டிலேயே செய்யும் முறை

சேலம், ஆத்தூர், ராசிபுரம் பக்கத்துக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். மரத்தூளைப் பசையோடு பிசைந்து அச்சில் அழுத்தி, காயவைத்து, விறகுக்குப் பதிலாக எரிப்பதுதான் எரிகட்டி. இந்த வேலைக்கு வேண்டிய இரண்டு பொருளும் அவர்களுக்கு ஊருக்குள்ளேயே கிடைக்கும். மரமில்லில் மரத்தூள், ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளி மாவு. மற்ற ஊர்க்காரர்கள் மைதாவையோ வடிகஞ்சியையோ வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம். செய்முறை ஒன்றுதான்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. கிலோவுக்குச் சுமார் 45 மெகாஜூல் வெப்பம். நன்றாகக் காய்ந்த மரத்தூள் கட்டி கிலோவுக்குச் சுமார் 16 மெகாஜூல்தான் தரும். அதோடு, கேஸ் அடுப்பு தன் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பாத்திரத்துக்குக் கொடுத்துவிடுகிறது. மூன்று கல் அடுப்பு ஆறில் ஒரு பங்கு கொடுத்தாலே பெரிய விஷயம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு சிலிண்டரின் வேலையைச் செய்ய 160 கிலோ கட்டி வேண்டும். புகைபோக்கி வைத்த நல்ல அடுப்பாக இருந்தால் 105 கிலோ அளவுக்கு இறங்கும். அதனால் 'கேஸுக்கு டாட்டா' என்று யாராவது வீடியோ போட்டால் நம்ப வேண்டாம். குளிக்க வெந்நீர் போட, நெல் அவிக்க, மாட்டுக்குப் பருத்திக்கொட்டையோ புண்ணாக்கோ காய்ச்ச, விசேஷத்துக்குப் பெரிய பாத்திரம் ஏற்ற: இதற்கெல்லாம் இந்தக் கட்டி அருமையாகப் பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மரமில் உங்கள் தெருவிலேயே இருந்து, தினம் ஒரு கூடைத் தூள் சும்மா கிடைக்கிறது என்றால், கட்டியே பிடிக்க வேண்டாம். தகர டின்னில் நடுவே ஒரு உருட்டுக்கட்டையை நிறுத்தி, சுற்றிலும் தூளை இடித்து நிரப்பி, கட்டையை உருவிவிட்டு எரிப்பார்களே, அந்தப் பழைய மரத்தூள் அடுப்பே போதும். தூளை மாதக்கணக்கில் சேமிக்க வேண்டும், இடம் குறைவு, சாதாரண விறகடுப்பிலேயே எரிக்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் கட்டி.

எதற்குப் பசை?

ஆலைகளில் செய்யும் எரிகட்டிக்கு (பிரிக்கெட்) பசையே கிடையாது. அங்கே இயந்திரம் கொடுக்கும் அழுத்தத்திலும் சூட்டிலும் மரத்துக்குள் இயற்கையாகவே இருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகி, ஆறும்போது தானே ஒட்டிக்கொள்கிறது. நம் கைக்கும் நெம்புகோலுக்கும் அந்த அழுத்தம் வராது. அதனால் வெளியிலிருந்து ஒரு ஒட்டும் பொருள் வேண்டும். களிமண் போடுகிறவர்கள் உண்டு. ஒட்டும்தான், ஆனால் மண் எரியாது; அவ்வளவும் சாம்பலாக அடுப்பில் தங்கும். மாவுப் பசையோ கட்டியோடு சேர்ந்து தானும் எரிந்துவிடும்.

மரத்தூள்: எதை எடுப்பது, எதைத் தொடவே கூடாது

வேம்பு, மா, புளி, தேக்கு, தென்னை என்று முழு மரம் அறுத்த தூள் எதுவானாலும் சரி. பிளைவுட், எம்.டி.எஃப்., பார்ட்டிக்கிள் போர்டு, மைக்கா ஒட்டிய பலகை ஆகியவற்றின் தூள் கூடாது. அவற்றில் ஃபார்மால்டிஹைடு கலந்த பசை இருக்கும், எரித்தால் புகையில் விஷம் வரும். பெயின்ட் அடித்த பழைய மரம், கரையான் மருந்து ஏற்றிய மரம் இவற்றின் தூளும் வேண்டாம். தச்சுப் பட்டறைத் தூள் பெரும்பாலும் எல்லாம் கலந்த கலவையாகத்தான் இருக்கும். எனவே மரம் அறுக்கும் மில்லில் வாங்குவதே உத்தமம்.

மூட்டையைக் கொட்டியதும் மணல் சலிக்கும் சல்லடையில் சலித்து, சிராய், ஆணி, பட்டைத் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள். சலிக்கும்போது மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் கட்டாயம். மரத்தூசியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய் வரவழைக்கும் பொருள்களின் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. சலித்த தூளை ஒரு நாள் வெயிலில் பரப்பி உலர்த்துங்கள். கலவையில் எப்படியும் நீர் சேர்க்கத்தானே போகிறோம் என்று தோன்றும். ஆனால் பச்சை மரத்துத் தூளின் எடையில் பாதி வரைகூட தண்ணீராக இருக்கலாம். அதை அப்படியே எடை போட்டால் மாவின் அளவு தாறுமாறாகிவிடும்.

பசை காய்ச்சுதல்: வேலையே இதில்தான்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மாவை மரத்தூளோடு வறட்டு வறட்டென்று கலந்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்துவிடுவார்கள். கட்டி பிடிக்கும், காயவும் காயும், எடுத்தால் கையிலேயே உதிரும். பச்சை மாவுக்கு ஒட்டும் சக்தி கிடையாது. மாவு என்பது நுண்ணிய மணிகள். குளிர்ந்த நீரில் அவை அடியில் போய்ப் படியுமே தவிர கரையாது. சூடு ஏறும்போதுதான் மணிகள் நீரைக் குடித்து ஊதி, உடைந்து, உள்ளே இருப்பதை வெளியே விடும். மரவள்ளி மாவுக்கு இது ஏறக்குறைய 60 முதல் 70 டிகிரி செல்சியஸில் நடக்கும். அரிசி மாவுக்கு இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும். கட்டி உதிர்கிறதென்று மாவைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் குறை அளவில் இல்லை, வேக்காட்டில் இருக்கும்.

ஒரு கிலோ உலர்ந்த மரத்தூளுக்கு 100 கிராம் மரவள்ளி மாவு, ஒரு லிட்டர் தண்ணீர். இந்த அளவில் தொடங்குங்கள்.

மாவை 200 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். மீதி 800 மில்லியைக் கொதிக்க வையுங்கள். தளதளவென்று கொதிக்கும்போது தீயைக் குறைத்து, கரைத்த மாவை இன்னொரு தடவை கலக்கிவிட்டு (அதற்குள் அடியில் படிந்திருக்கும்) மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். பால் போல வெள்ளையாக இறங்கும் மாவு, சில நொடிகளில் அங்கங்கே திரைந்து, பிறகு முழுவதும் கண்ணாடியாக மாறும். கரண்டியைத் தூக்கினால் அறுந்து விழாமல் இழையாக இறங்கும். அதுதான் பதம். எங்காவது வெள்ளைத் திட்டு தெரிந்தால் இன்னும் வேகவில்லை. பதம் வந்த பின்னும் இரண்டு நிமிடம் கிளறி இறக்குங்கள். அடி பிடிக்க விட வேண்டாம்.

காசு கொடுத்து நல்ல மாவு வாங்கி எரிப்பது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. 100 கிலோ தூளுக்குப் பத்து கிலோ மாவு போகும். ஆகவே மாற்று வழிகள்:

வண்டு விழுந்த மைதா, காலாவதியான சோளமாவு போன்றவை கடைகளில் தள்ளுபடியாகக் கிடைத்தால் வாங்கிக்கொள்ளலாம். மைதாவில் மாவுச்சத்து முக்கால் பங்குக்குள்தான் என்பதால் 130 கிராம் போடுங்கள். இது கண்ணாடியாகாது, மங்கலான பசையாகத்தான் வரும்.

சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றலாம். கஞ்சி எவ்வளவு கெட்டியோ அதற்குத் தகுந்தபடி மாவைக் குறைக்கலாம். நீர்த்த கஞ்சி மட்டுமே போதும் என்று நினைத்தால் கட்டி நிற்காது. உப்புப் போட்டு வடித்ததை மாட்டுக்கே வைத்துவிடுங்கள்.

ஜவ்வரிசி ஆலைப் பக்கம் இருந்தால் திப்பி கேளுங்கள். கிழங்கிலிருந்து பால் எடுத்த பின் மிஞ்சும் சக்கைதான் அது. காய்ந்த திப்பியில் ஏறக்குறைய பாதி மாவுச்சத்தாகவே தங்கியிருக்கும், மீதி நார். 200 கிராம் திப்பியை ஊறவைத்து அந்த ஒரு லிட்டர் தண்ணீரில் கொழகொழவென்று வேகவைத்தால் பசையும் ஆச்சு, கட்டியைப் பிணைக்கிற நாரும் ஆச்சு. எனக்குப் பிடித்தது இதுதான்.

ஒரு எச்சரிக்கை. போஸ்டர் ஒட்டுகிறவர்களும் பைண்டிங் பட்டறைக்காரர்களும் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவார்கள். அந்தப் பழக்கத்தில் யாராவது உங்களிடம் 'கொஞ்சம் துத்தம் போடுங்க' என்று சொன்னால் கேட்காதீர்கள். இது எரிக்கிற பொருள். துத்தம் கலந்த புகை அடுப்படியில் வேண்டாம்.

கலவை

கொத்தனார் கலவை அள்ளும் பாண்டு போதும். தூளைக் கொட்டி, கை பொறுக்கும் சூட்டில் இருக்கும் பசையை மூன்று நான்கு தடவையாக ஊற்றிப் பிசையுங்கள். பசை ஆறிவிட்டால் கட்டி கட்டியாக நின்று தூளில் பரவாது. ஒவ்வொரு துகளிலும் மெல்லிய பூச்சாகப் பசை ஏற வேண்டும். அப்புறம் ஈரச் சாக்கால் மூடி அரை மணி நேரம் ஊறவிடுங்கள்.

பதம் பார்ப்பது: ஒரு பிடி எடுத்துக் கொழுக்கட்டை பிடிப்பதுபோல் அழுத்துங்கள். விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. கையை விரித்தால் விரல் அச்சோடு அப்படியே நிற்க வேண்டும். உதிர்ந்தால் வெந்நீர் தெளியுங்கள். ஒழுகினால் தூள் சேருங்கள். கலந்ததை அன்றைக்கே அச்சில் போட்டு முடித்துவிட வேண்டும். மறுநாள் வரை வைத்தால் புளித்து நாறும், பசையின் பிடிப்பும் போய்விடும்.

அச்சும் அழுத்தமும்

நான்கு அங்குல பி.வி.சி. குழாயில் எட்டு அங்குலத் துண்டு ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் சுற்றிலும் சிறு துளைகள் போட்டால் தண்ணீர் வடியும். நடுவில் நிறுத்த முக்கால் அங்குல இரும்புக் குழாய் ஒன்று. குழாய்க்குள் சரியாக இறங்கும் வட்டமான மரத்துண்டு ஒன்றைத் தச்சரிடம் செய்து, அதன் நடுவில் இரும்புக் குழாய் நுழையத் துளையிடச் சொல்லுங்கள். நடுத்துளை அழகுக்கு அல்ல. கட்டி உள்ளிருந்தும் காய்வதற்கும், எரியும்போது காற்று மேலேறுவதற்கும் அதுதான் வழி.

கலவையை அச்சு நிறைய உதிரியாகப் போட்டு, மரத்துண்டை வைத்து, நீளமான கழியை நெம்புகோலாக்கி அழுத்துங்கள். உயரம் பாதிக்கும் கீழே இறங்க வேண்டும். துளைகளில் நீர் சொட்டுவது நின்ற பிறகும் முப்பது எண்ணும் வரை கையை எடுக்காதீர்கள். மரத்தூளுக்கு ஸ்பிரிங் குணம் உண்டு. உடனே விட்டால் உங்கள் கண்ணெதிரிலேயே கட்டி கால் அங்குலம் எழும்பி நிற்கும், குறுக்கே மெல்லிய விரிசலும் விழும். லாரி ஜாக்கி வைத்து அழுத்த நினைப்பவர்கள் பி.வி.சி.யை விட்டுவிட்டு இரும்புக் குழாயில் அச்சு செய்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் வெடித்துத் தெறிக்கும்.

பிறகு நடுக்குழாயை முறுக்கி உருவி, கட்டியை அடியிலிருந்து தள்ளி எடுத்தால் ஆயிற்று.

காயவைத்தல்

முதல் நாள் நிழலில், காற்றோட்டமான இடத்தில். மறுநாளிலிருந்து வெயிலில். எடுத்தவுடன் சுள்ளென்ற வெயிலில் வைத்தால் மேல்புறம் மட்டும் காய்ந்து இறுகி வெடிக்கும். வெறுந்தரையில் அடுக்காமல் கயிற்றுக் கட்டில், மூங்கில் தட்டி, கம்பிவலை என அடியிலும் காற்றுப் போகும்படி வையுங்கள். தினம் புரட்டிப் போடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் ஒரு வாரத்துக்குள் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வைத்துக்கொள்ள வேண்டாம். காய்வதற்குள் பூசணம் பிடித்துவிடும்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு கட்டியைச் சமையலறைத் தராசில் தினமும் நிறுத்துப் பாருங்கள். இரண்டு நாள் எடை மாறாமல் நின்றால் காய்ந்துவிட்டது. ஒரு கிலோ தூளில் தொடங்கினால் கடைசியில் கையில் நிற்பது 1.1, 1.2 கிலோ அளவுதான் இருக்கும். அதைவிட அதிகமாக இருந்தால் அது தண்ணீர். இடுப்பு உயரத்திலிருந்து மண் தரையில் போட்டுப் பாருங்கள். ஓரம் கொஞ்சம் உதிரலாம், இரண்டாக உடையக் கூடாது.

எரித்தல்

கட்டியைத் துளை மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, அடியில் பன்னாடையோ காய்ந்த ஓலையோ கொளுத்துங்கள். மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டியதில்லை. இது கரி அல்ல, மரம்தான். ஆகவே விறகைப் போலவே தொடக்கத்தில் புகை வரும். தணல் பிடித்த பிறகு குறையும். நின்று நிதானமாக எரிவதால், வெந்நீர் அடுப்பில் விறகைத் தள்ளித் தள்ளி விடும் வேலை மிச்சம். வெளி அடுப்பிலோ புகைபோக்கி உள்ள இடத்திலோ மட்டும் எரியுங்கள். தணல்தானே, புகை இல்லையே என்று சட்டியில் எடுத்துப் படுக்கும் அறையில் வைக்கவே கூடாது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும்.

விடாமல் புகைந்துகொண்டே இருந்தால் கட்டி காயவில்லை, அல்லது அடுப்பில் காற்றுப் போக வழியில்லை. நெருப்பு பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தால் பசை வேகவில்லை, அல்லது அழுத்தம் போதவில்லை. உதிர்ந்ததை எறிய வேண்டாம். அடுத்த கலவையில் சேர்த்துவிடலாம். அடுப்பில் மிஞ்சும் கரித்தூளையும் அதோடு ஒரு கை போட்டால் தணல் இன்னும் கொஞ்சம் நேரம் நிற்கும்.

சேமிக்கும்போது இரண்டு எதிரிகள்: ஈரமும் எலியும். மாவுப் பசை தண்ணீர் பட்டால் திரும்ப இளகிவிடும். மழையில் நனைந்த கட்டி காலையில் மரத்தூள் குவியலாகக் கிடக்கும். எலிக்கும் கரப்பானுக்கும் அதே பசை தீனி. மூடி உள்ள தகர டிரம்மில் அடுக்கி, செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். சாக்கில் கட்டிப் பரணில் போடுவதாக இருந்தால், மழைக்காலம் தொடங்கும் முன் எரித்துத் தீர்க்கிற அளவுக்கு மட்டும் செய்துகொள்ளுங்கள்.