மைனருக்கு மினியின் காபரேட்டர்

எங்கள் மொறிஸ் மைனர் 1000 காரில், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரில் திராட்டில் தண்டு ஓடும் துளை தேய்ந்து, அந்த வழியே காற்றை இழுத்தது. ஐடில், அதாவது அக்சிலேட்டரை மிதிக்காதபோது ஓடும் மெதுவோட்டம், நிற்கவே நிற்காது. கல்முனையில் பழைய சாமான் கடையொன்றில் மினி காரிலிருந்து கழற்றிய எஸ்.யூ. எச்.எஸ்.2 காபரேட்டர் கிடைத்தது. இரண்டின் வாயும் 1¼ அங்குலம், இரு கார்களின் எஞ்சின்களும் ஒரே ஏ சீரிஸ் குடும்பம்தான். எஞ்சினிலுள்ள ஸ்டட் ஆணிகளில் அப்படியே உட்கார்ந்தது.

ஆனால் காபரேட்டரின் பெற்றோல் நிற்கும் மிதவைக் கிண்ணம் கோணலாக நின்றது. அது நிமிராவிட்டால் பெற்றோல் மட்டம் பிழையாகிவிடும். பழைய காபரேட்டரில் கிண்ணத்தைப் பிடித்திருந்த சாய்வு ரப்பரை மாற்றிப் போட்டேன்.

"தம்பி, ஊசியும் பழையதையே போடுங்க" என்றார் லேத் நானா. சரியான பேச்சு. பெற்றோல் வரும் துளையான ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் ஊசி எப்படி மெலிந்துபோகிறது என்பதில்தான் பெற்றோல் அளவே இருக்கிறது, 848 சி.சி. மினியின் ஊசி எங்கள் 1098 சி.சி. மைனருக்குச் சரிவராது. ஊசியின் தோள், அதாவது தண்டு முடிந்து மெலிவு தொடங்கும் படி, அதைப் பிடித்திருக்கும் காபரேட்டர் பிஸ்டனின் அடிப்பரப்போடு சமமாக இருக்க வேண்டும்.

அப்புறம் டியூனிங். சூடான எஞ்சினில் அந்தக் காபரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்த்தேன். வேகம் கூடிக்கொண்டே போனால் பெற்றோல் அதிகம், எஞ்சின் நின்றால் குறைவு. ஜெட்டை ஏற்றி இறக்கும் நட்டைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பி, லேசாகக் கூடி அடங்கும் இடத்தில் விட்டேன். பிஸ்டன் சட்டென்று துள்ளாமல் பிடிக்கும் டாம்பருக்கு எஞ்சின் ஒயில் போதும்.

கல்லடிப் பாலம் தாண்டி ஓடிவந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் நல்ல மண்ணிறம், கலவை சரி. சோக் கேபிள் மட்டும் இன்னும் கம்பிக்கட்டில்தான் நிற்கிறது.